முதல் மூன்று டிப்ஸும் பலித்ததால்தான் ஏமாந்தேன்

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு மாதம் யோசித்தேன். வெட்கம்தான் காரணம். ஆனால் பங்கு டிப்ஸ் தருகிறேன் என்று என்னை ஏமாற்றிய ஆள் புதுப் பெயரில் இன்னொரு குழு தொடங்கியிருப்பதைப் பார்த்ததும் சும்மா இருக்க முடியவில்லை.

நான் சேர்ந்ததும் அவர் நடத்திய ஒரு டிப்ஸ் குழுதான். முதல் வாரம் காசே கேட்கவில்லை. இந்தப் பங்கு நாளை ஏறும் என்றார், ஏறியது. அடுத்தது இறங்கும் என்றார், இறங்கியது. மூன்றாவதும் பலித்தது. அப்புறம் சந்தா கேட்டார், கட்டிவிட்டேன்.

எல்லாம் முடிந்த பிறகுதான் சூட்சுமம் புரிந்தது. என் நண்பர் ஒருவர் அதே ஆளின் வேறொரு குழுவில் இருந்து, மூன்றாவது டிப்ஸ் தவறியதும் விலகியிருக்கிறார். இருவர் போனையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எனக்கு ‘ஏறும்’ என்று வந்த அதே நாள், அதே பங்குக்கு, அவருக்கு ‘இறங்கும்’! 800 பேரைப் பாதியாகப் பிரித்து எதிரெதிராகச் சொன்னால் 400 பேருக்குப் பலிக்கும், அவர்களைப் பிரித்தால் 200, இன்னொரு முறை 100. அந்த மாதிரி மிஞ்சிய கூட்டத்தில் நானும் ஒருவன்.

சரி, சந்தா போனால் போகட்டும். பெரிய அடி அதற்குப் பிறகுதான். அதிகம் கைமாறாத ஒரு சின்னப் பங்கை வாங்கச் சொன்னார். அப்படிப்பட்ட பங்கில் நூறு பேர் சேர்ந்து வாங்கினாலே விலை துள்ளும், முன்பே மலிவாக வாங்கி வைத்தவன் நம் தலையில் கட்டிவிட்டுப் போய்விடலாம். இது தெரியாமல் சேமிப்பில் 60% போட்டேன். 8% கீழே ஸ்டாப் லாஸ், அதாவது விலை அந்த அளவுக்கு இறங்கினால் தானாக விற்கச் சொல்லும் ஆர்டர், வைத்திருந்தேன். ‘பெரிய ஆட்கள் விலையை இறக்கி ஸ்டாப் லாஸை அடித்துவிட்டுத்தான் ஏற்றுவார்கள், எடுத்துவிடுங்கள்’ என்றார். எடுத்தேன். 15% சரிந்தது. ‘பயப்படாமல் ஆவரேஜ் செய்யுங்கள்’ என்றார், அதாவது இறங்கிய விலையில் இன்னும் வாங்கி சராசரி விலையைக் குறைக்கச் சொன்னார். மீதி 40%-ஐயும் போட்டேன். அப்புறம் ஒரு நாள் காலை சந்தை திறந்தபோதே விலை பாதிக்குப் பக்கத்தில் நின்றது, விற்கப் போனால் வாங்க ஆளில்லை. கடைசியில் என் கைக்கு வந்தது மொத்தப் பணத்தில் பாதி. குழுவில் கேள்வி கேட்டேன், நீக்கிவிட்டார்.

பாதி போனால் பழைய இடத்துக்கு வர 100% ஏற வேண்டும். 10% போயிருந்தால் 11%-க்குக் கொஞ்சம் மேல் போதும். இந்தக் கணக்கைப் பள்ளிப் பிள்ளைகூடப் போடும், நான் போடவில்லை.

ஸ்டாப் லாஸ் இருந்தால் போதும் என்றும் நினைக்காதீர்கள். விலை தொட்டதும் அது பொதுவாக மார்க்கெட் ஆர்டராக மாறி, கிடைத்த விலைக்கு விற்கும். 2010 மே 6 அன்று அமெரிக்கச் சந்தை சில நிமிடங்களில் சரிந்தபோது பெரிய நிறுவனப் பங்குகள் சில ஒரு சென்ட்டுக்குக்கூடக் கைமாறின. அந்த விற்பனைகளைப் பிறகு ரத்து செய்தார்கள், நமக்கு யார் செய்வார்கள்?

அதனால் இப்போது எத்தனை பங்கு வாங்குவது என்பதை நஷ்டத்திலிருந்துதான் முடிவு செய்கிறேன். ஒரு டிரேடில் மொத்தப் பணத்தில் 1%-க்கு மேல் போகக்கூடாது. விலை ஆட்டம் அதிகமுள்ள பங்கு, ஸ்டாப் லாஸை 20% தள்ளி வைக்க வேண்டும் என்றால், அதில் 5% பணம்தான்; அந்த 5%-இல் 20% போனால் மொத்தத்தில் 1%. கைமாறல் குறைவான பங்கின் பக்கமே போவதில்லை.

விட்டதைப் பிடிக்கிறேன் என்று மறுநாளே இறங்கி இன்னும் கொஞ்சம் தொலைத்தேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன். அப்புறம் ஆறு வாரம் செயலியையே திறக்கவில்லை, வீட்டில் சொன்னேன். திட்டு விழுந்தது, ஆனால் அன்றுதான் தூக்கம் வந்தது.

இன்னொன்று. போன வாரம் புது எண்ணிலிருந்து ஒரு செய்தி: நான் இழந்த பணத்தை மீட்டுத் தருகிறார்களாம், முன்பணம் மட்டும் கட்டினால் போதுமாம். எவ்வளவு இழந்தேன் என்பதுகூட அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தொகையை நான் எழுதியது அந்தக் குழுவில் மட்டும்தான்.