கழற்றி மாட்டும் லேகிங் ஜாக்கெட்: ஓராண்டு பயன்படுத்திய பிறகு

கப்பல் எஞ்சினின் எக்ஸாஸ்ட் பைப்பில் ஃப்ளாஞ்சை (இரண்டு பைப்பை இணைக்கும் விளிம்பு) சுற்றியிருக்கும் பழைய லேகிங்கை, அதாவது சூட்டைத் தடுக்கும் உறையை, ஒருமுறை பிரித்துவிட்டால் அது மறுபடி ஒழுங்காக உட்காராது. உள்ளே இருக்கும் ராக்வூல் (பாறையை உருக்கி இழுத்த பஞ்சு) உதிரும், மேல் தகரம் நெளியும், கடைசியில் அந்த இடம் திறந்தே கிடக்கும். டீசல் பைப்பில் கசிவு வந்து, பீய்ச்சியடிக்கும் எண்ணெய் அந்தச் சூட்டில் பட்டால் தீப்பிடிக்கத் தீப்பொறியே தேவையில்லை. எண்ணெய் படக்கூடிய இடத்தில் 220 டிகிரிக்கு மேல் சூடாகும் எதையும் மூடியே ஆக வேண்டும் என்று சோலாஸ் என்ற சர்வதேசக் கப்பல் பாதுகாப்பு விதி சொல்வது இதனால்தான்.

அதனால்தான் வளைவுகளுக்கும் வால்வுகளுக்கும் ஜாக்கெட் வாங்கினோம். உள்ளே கண்ணாடி இழை மெத்தை, வெளியே சிலிகான் பூசிய துணி, கொக்கிகளில் கம்பி கோத்து இழுத்துக் கட்ட வேண்டும். சில நிமிடங்களில் கழற்றலாம், வேலை முடிந்ததும் அதே ஆளே மாட்டிவிடலாம். எனக்கு இதுதான் பெரிய விஷயம், ஏனென்றால் லேகிங் போடத் தனியாக ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

குறை இருக்கிறது. முதலில் வந்த இரண்டு ஜாக்கெட்டில் சூடான பக்கத் தையல் கருகிப் பிரிந்துவிட்டது, பிறகு ஸ்டீல் கம்பித் தையல் கேட்டு வாங்கினோம். சிலிகான் துணி எண்ணெயை உள்ளே விடாது, ஆனால் தையல் ஓட்டை வழியாக இறங்கும். உள்ளே எண்ணெய் ஊறிய ஜாக்கெட் விளக்குத் திரி மாதிரி, துடைத்து மறுபடி மாட்டாதீர்கள், தூக்கிப் போடுங்கள்.

நேரான பைப்புக்கு ராக்வூலே போதும், 1000 டிகிரியிலும் இழை உருகாது. செராமிக் ஃபைபர் என்று யாராவது கொடுத்தால் யோசியுங்கள், ஐரோப்பாவில் அதைப் புற்றுநோய் தரக்கூடியது என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள். 2011-லிருந்து கப்பலில் ஆஸ்பெஸ்டாஸைப் புதிதாகப் பொருத்தவே கூடாது, சரி, அதை விட்டுவிட்டு நுரையீரலுக்கு இன்னொரு வினையை ஏன் தேட வேண்டும்? ஏசி குளிர்நீர் பைப்பில் கறுப்பு ரப்பர் ஃபோமை விதி அனுமதிக்கிறது. ஆனால் அது எரியக்கூடியது, தேவைக்கு மேல் ஓர் அடிகூடப் போடாதீர்கள்.

அப்புறம், வாங்கும்போது 'தீப்பிடிக்காது' என்ற பேச்சை மட்டும் நம்பாமல் எஃப்டிபி கோட் (கப்பலில் போடும் பொருட்களுக்கான சர்வதேசத் தீச்சோதனை விதி) சோதனைச் சான்றிதழைக் கேளுங்கள், எரியாத்தன்மையை 750 டிகிரி உலையில் வைத்துத்தான் பார்ப்பார்கள். மாட்டிய பிறகு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் இடைவெளிகளைச் சோதியுங்கள். பளபளக்கும் தகரத்தில் அது குறைத்துக் காட்டும், அந்த இடத்தில் சூடு தாங்கும் கறுப்புப் பெயின்ட் ஒரு பொட்டு வைத்து அதன்மேல் அளந்து பாருங்கள்.