விடியற்காலைப் பறவை நடை: தூக்கத்தை விட்டுப் போகலாமா?

போகலாம். காடும் சதுப்பும் சேர்ந்த இந்த நடைக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்வந்தேன். குறைகள் இருக்கின்றன, அவற்றையும் சொல்கிறேன். ஆனாலும் மறுபடி போவேன். காரணம், அந்த வழிகாட்டி.

எட்டுப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை என்று பதிவு செய்யும்போதே சொன்னார்கள், அதன்படியே நடந்தார்கள். இருட்டிலேயே காட்டு முகப்பில் நின்றோம். டார்ச்சுகளை அணைக்கச் சொன்ன வழிகாட்டி, அதன்பிறகு கொஞ்ச நேரம் வாயே திறக்கவில்லை. எங்கோ பக்கி என்ற இரவுப் பறவை ஒன்று ஒரே தாளத்தில் கத்திக்கொண்டிருந்தது. வெளுக்க வெளுக்க மற்ற குரல்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. எந்தக் குரல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கையை மட்டும் நீட்டிக் காட்டினார். பெயர்களைப் பிறகுதான் சொன்னார். பெயர் முதலில் வந்திருந்தால் நான் அதை மனப்பாடம் செய்வதில் இறங்கியிருப்பேன். குரல் முதலில் வந்ததால் அது காதிலேயே தங்கிவிட்டது.

அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. வயதாகும்போது காது முதலில் இழப்பது கீச்சுக் குரல்களைத்தான். கதிர்க்குருவி கத்தியது எனக்குக் கேட்டது, அவருக்குக் கேட்கவில்லை. இதை வழிகாட்டி சீக்கிரமே கவனித்துவிட்டார், ஆனால் அதைப் பற்றி யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, "ஐயா, அந்த வெளுத்த அடிமரம் தெரியுதா? அது கவையாப் பிரியுற இடத்துக்கு வாங்க. அங்கிருந்து கடிகாரத்துல ரெண்டு மணிப் பக்கம். காத்தே இல்ல, ஆனா ஒரு இலை மட்டும் ஆடுது பாருங்க" என்றார். அப்பா பார்த்துவிட்டார். அதன்பிறகு அசையும் இலையை எங்களுக்கு முன்னால் கண்டுபிடித்தது பெரும்பாலும் அவர்தான்.

காட்டில் பாதி நேரம் எதுவுமே தென்படாது. திடீரென்று பல இனப் பறவைகள் ஒன்றாக வந்து நம்மைக் கடந்துபோகும். எங்களுக்கும் அது வாய்த்தது. மின்சிட்டு, பசையெடுப்பான், மரங்கொத்தி, கூடவே துடுப்புவால் கரிச்சான். மற்றவை கிளையைக் குடையும்போது கலைந்து பறக்கும் பூச்சிகளைக் கரிச்சான் பிடித்துக்கொள்ளும். பதிலுக்கு, வல்லூறு வந்தால் அது போடும் கூச்சல் எல்லோருக்கும் எச்சரிக்கை. கூட்டம் கடந்த பிறகு இதை வழிகாட்டி இரண்டே வரியில் சொன்னார். கண்ணெதிரே நடக்கும்போது பேசவில்லை.

உடன் வந்த ஒருவர் பறவை வெளியே வரட்டும் என்று கைபேசியில் அதன் குரலைப் போட்டார். வழிகாட்டி உடனே நிறுத்தச் சொன்னார், மென்மையாக, ஆனால் பேச்சுக்கு இடமில்லாமல். குரலைக் கேட்ட ஆண் பறவை தன் எல்லைக்குள் இன்னொருவன் நுழைந்துவிட்டான் என்று நினைத்து, இரை தேடுவதை விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும். கூட்டில் குஞ்சு இருக்கும் காலத்தில் அது பெரிய இழப்பு. முன்பு நான் போன வேறொரு குழுவில் வழிகாட்டியே ஒலிபெருக்கியுடன் வந்திருந்தார். நிறையப் பறவைகள் பார்த்தோம்தான். எனக்கு அது பிடிக்கவில்லை.

சதுப்புக்கு வந்தபோது சூரியன் ஏறியிருந்தது. கரையின் கிழக்குப் பக்கம் சுற்றி அழைத்துப் போனார்கள். கொஞ்சம் கூடுதல் நடைதான். ஆனால் வெயில் முதுகில் விழுந்ததால், எதிரே இருந்த பறவைகளின் நிறம் அப்படியே தெரிந்தது. எதிர்ப்பக்கம் நின்றிருந்தால் எல்லாமே கறுப்பு உருவங்கள்தான். முக்காலித் தொலைநோக்கியை அப்பாவின் உயரத்துக்குத் தாழ்த்தி வைத்தார். மஞ்சள்மூக்கு நாரை அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் விட்டபடி நடந்தது. அது கண்ணால் தேடுவதில்லை. மீன் அலகில் பட்டதும் சட்டென்று மூடிக்கொள்ளும். நீளவால் இலைக்கோழியில் ஆண்தான் முட்டைகளை அடைகாக்கும் என்றதும் அப்பா இன்னொரு முறை குனிந்து பார்த்தார்.

சேற்றுப் பூனைப்பருந்து நாணலுக்கு மேலே தாழ்வாக வந்தது. வாத்துகளும் உள்ளான்களும் மொத்தமாக எழும்பின. அதே நேரத்தில் உயரத்தில் இன்னொரு கொன்றுண்ணி போனது. அது என்னவென்று எல்லோரும் கேட்டோம். "பருந்து வகை. அதுக்கு மேல சொல்லத் தெரியல. அப்படியே எழுதுறேன்" என்றார். பார்த்த பறவைகளை யாரும் பதிவு செய்யக்கூடிய ஈபேர்ட் (eBird) இணையதளத்தின் பட்டியலிலும் இனம் குறிப்பிடாமல் அப்படியேதான் பதிவு செய்தார். 2002 முதல் சேர்ந்துவரும் அந்தத் தரவுகளை ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள். ஒரு பெயரை அடித்துவிட்டிருந்தால் எங்களில் யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் மேல் எனக்கு முழு நம்பிக்கை வந்தது அப்போதுதான்.

இனி குறைகள். அவர்கள் தந்த பைனாகுலர்களில் ஒன்று இரட்டைப் பிம்பம் காட்டியது. அப்படிப்பட்டதில் தொடர்ந்து பார்த்தால் தலைவலி வரும். வாங்கியவுடன் தூரத்து மரம் ஒன்றைப் பார்த்துச் சரியில்லை என்றால் மாற்றிக்கொள்ளுங்கள். 8x42, அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முன்கண்ணாடி உள்ள பைனாகுலர் இருந்தால் அதைக் கேளுங்கள். 10x கையில் அதிகம் ஆடும். முன்கண்ணாடி அதே 42 மி.மீ. என்றால், காட்டின் மங்கல் வெளிச்சத்தில் 8xதான் பளிச்சென்று காட்டும்.

சதுப்புப் பகுதியில் கழிப்பறையே இல்லை. இதை முன்கூட்டியே சொல்லவும் இல்லை. பெண்களையும் வயதானவர்களையும் அழைத்துப் போகிறவர்கள் இதைச் சரிசெய்தே ஆகவேண்டும். உட்காரவும் இடமில்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் மடக்கு முக்காலி எடுத்துப் போவது நல்லது. நடக்காமல் கரையில் ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்க்கும் காலை ஒன்றையும் நடத்தச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். நடத்தினால் அப்பாவின் பெயரைத்தான் முதலில் பதிவேன்.