ஹோமேஜ் டைவர் வாட்ச்: சில வருஷம் கட்டுன அனுபவம்

நான் கட்டறது சீனாவுல செஞ்ச டைவர் வாட்ச் (தண்ணிக்குள்ள முங்கறவங்களுக்குன்னு வந்த டிசைன்), 300 மலேசிய வெள்ளி சொச்சம். ஹோமேஜ்னா பேர் போன வாட்சோட உருவத்த எடுத்து சொந்தப் பேருல விக்கிறது. பாத்தா அப்படியே ரோலெக்ஸ் சப்மரீனர்தான், கருப்பு டயல், பெசல்ங்கற சுத்துற வெளி வளையம், மணி முள்ளுல பென்ஸ் லோகோ மாதிரி வளையம், எல்லாம் அங்கேருந்து எடுத்தது. ஆனா டயல்ல சொந்தப் பேரு போட்டிருக்கான், ரோலெக்ஸோட கிரீட லோகோ கிடையாது. பினாங்குல பத்து ஃபெரிங்கி நைட் மார்க்கெட்ல ரோலெக்ஸ்னே எழுதி விக்கிறானே அது கள்ள வாட்ச், இதோட சேக்காதீங்க.

உள்ள ஓடுறது செய்கோ என்.எச்.35 மெஷின், கை அசையறப்ப தானா சாவி ஏறிக்கும். ஃபுல்லா சாவி ஏறுனா 41 மணி நேரம், அதனால வெள்ளி ராத்திரி கழட்டி வச்சா திங்க காலையில நின்னு கிடக்கும். நாளுக்கு 20 செகண்ட் ஸ்லோ, 40 செகண்ட் ஃபாஸ்ட் வரைக்கும் போகலாம்னு செய்கோவே சொல்றாங்க, என்னோடது கொஞ்சம் ஃபாஸ்ட், பாயான் லெப்பாஸ் ஜாம்ல வேலைக்குப் போறவனுக்கு அது நல்லதுதான்.

பெசல்தான் நான் ரொம்ப யூஸ் பண்றது. ஜார்ஜ் டவுன்ல காடிய பார்க் பண்ணிட்டு முக்கோணத்த நிமிஷ முள்ளுக்கு நேரா வச்சிருவேன், எவ்ளோ நேரம் ஆச்சுன்னு பாத்தவுடனே தெரியும். ஒரு பக்கம் மட்டும்தான் சுத்தும், ஏன்னா தண்ணிக்குள்ள எதுலயாவது இடிச்சு நகந்தாலும் கூட நேரம் ஆன மாதிரிதான் காட்டணும், கம்மியா காட்டுனா டேங்க்ல காத்து தீந்து ஆளு போயிருவான். அந்த யோசனை காப்பிலயும் அப்படியே வேலை செய்யுது.

தேதி மேல இருக்கற லென்ஸ்தான் சொதப்பல். ரோலெக்ஸ்ல இரண்டரை மடங்கு பெருசா காட்டும், இதுல சும்மா ஒரு கண்ணாடித் துண்டு ஒட்டுன கணக்கு, உருவத்த எடுத்தவன் வேலைய எடுக்கல. இருட்டுல ஒளிர்ற லூம் பூச்சு நைட் ஷிப்ட் பாதிலயே மங்கிடும். செயின் கிளாஸ்ப் தகரம் மாதிரி சத்தம் போடுது, நம்ம ஊரு வேர்வைக்கு ரப்பர் ஸ்ட்ராப் போட்டப்புறம்தான் நிம்மதி.

"வெக்கமா இல்லையா காப்பி கட்ட"ன்னு மச்சான் கேப்பான். டேய், ரோலெக்ஸே 1954லயிருந்து டியூடர்ங்கற தன்னோட இன்னொரு பிராண்டு பேர்ல ஒரு சப்மரீனர விலை கம்மியா வித்தாங்க. பிளாங்பான் கம்பெனியோட ஃபிஃப்டி ஃபேதம்ஸ் டைவர் வாட்ச் 1953லயே வந்தது, அதுலயும் கருப்பு டயல், சுத்துற பெசல், அப்ப இந்த உருவம் ரோலெக்ஸுக்கு மட்டும் சொந்தமில்ல. ஆனா மச்சான் கட்டியிருக்கற, ஓடமார் பிகே கம்பெனியோட ராயல் ஓக் வாட்ச் காப்பி எனக்கு சுத்தமா பிடிக்கல. ஜெரால்ட் ஜென்டாங்கற டிசைனர் போட்டு 1972ல வெளிவந்த அந்த எட்டு மூலை டிசைனோட அழகே விளிம்புல செஞ்சிருக்கற பாலிஷ்தான், விலை கம்மி வாட்ச்ல அத எங்க செய்வான், வெறும் எட்டு ஸ்க்ரூதான் மிச்சம்.

சர்வீஸ் இன்னும் பண்ணல. வாட்ச் கடை தவுக்கே (முதலாளி), கழுவி எண்ணெய் போடற காசுக்கு புது மெஷினே போட்டுடலாம்ங்கறாரு, அடுத்த சம்பளத்துல அதத்தான் செய்யப்போறேன்.