இனவிருத்தி ஆண் முயலுக்கு எந்த மதுவாலைக் கழிவு?

தெற்கு நைஜீரியாவில் முயல் வளர்ப்போருக்கு மதுவாலைக் கழிவு, அதாவது பீர் ஆலையில் மிஞ்சுவது, புதிதல்ல. 1988இல் அந்நாட்டு அரசு பார்லி மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) இறக்குமதியைத் தடை செய்தபோது ஆலைகள் உள்நாட்டுச் சோளத்துக்கும் மக்காச்சோளத்துக்கும் திரும்பின. சாறு வடித்தபின் மிஞ்சும் சோளச் சக்கையும், முளைகட்டிய தானியத்திலிருந்து உதிர்க்கும் சோள முளைவேரும் தீவனச் சந்தைக்கு வந்தன. கறிக் குட்டிக்கு மலிவானதைப் போடலாம் என்பவர்களோடு நான் வாதிடப் போவதில்லை. இனச்சேர்க்கைக்கு நிறுத்திய ஆணின் கதை வேறு. அதன் விந்து கெட்டால் அதோடு சேர்த்த ஒரு பெண்ணும் சினை பிடிக்காது.

உலர்ந்த சக்கைதான் என் முதல் தேர்வு. உலர் எடையில் 20 முதல் 27 சதவீதம் புரதம், கூடவே தாராளமான நார்ச்சத்து. மாவுச்சத்தில் பெரும்பங்கு ஆலையிலேயே சாறாக வடிந்துவிடுவதால், தானியம் தின்று கொழுத்த ஆணுக்கு வரும் மந்தம் இதில் குறைவு. பீருக்குக் கசப்பூட்டும் ஹாப்ஸ் பூவைச் சேர்ப்பதற்கு முன்பே சக்கை பிரிந்துவிடுகிறது. எனவே அந்தப் பூவிலுள்ள பெண் ஹார்மோன் போன்ற பொருள் இதில் ஏறுவதில்லை. குறையும் உண்டு. முயல் விந்தணுவின் சவ்வில் எளிதில் கெடும் கொழுப்பமிலங்கள் நிறைய. அவற்றைக் காக்கும் வைட்டமின் ஈ-க்குச் சக்கையை நம்ப முடியாது. பசுந்தழை வேண்டும். நைஜீரியர்கள் முயலுக்கு அறுத்துப் போடுவது நம் வரப்பிலும் முளைக்கும் வெட்டுக்காயப் பூண்டைத்தான்.

ஈரச் சக்கையும் சரக்கில் அதேதான். விலை குறைவு, ஆனால் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். வந்த அன்று கைப்பிடி அள்ளிப் பிழிந்தால் மால்ட் வாசத்தோடு நீர் சொட்டும். வெயில் காலத்தில் இரண்டு மூன்று நாளில் குவியலுக்குள் கையை விட்டால் சூடு தெரியும், புளித்த நெடி அடிக்கும், ஓரங்களில் சாம்பல் நிற இழை படர்ந்திருக்கும். அந்த நிலையில் ஆணுக்குக் கொடுப்பது எனக்குச் சற்றும் சம்மதமில்லை. அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு விந்தணு உற்பத்தியைக் குறைக்கிறது. வயலிலேயே தானியத்தில் ஏறும் இன்னொரு பூஞ்சை நச்சான ஜியாரலெனோன் பெண் ஹார்மோனைப் போல நடந்து ஆண்மையைக் கெடுக்கிறது. பூஞ்சையை உதறிவிட்டுக் காயவைத்தாலும் நச்சு போகாது. வந்த அன்றே விரல் கனத்துக்குப் பரப்பி, மொறுமொறுவென உடையும்வரை உலர்த்த முடியாதவர்கள் ஈரச் சக்கையை வாங்கவே வேண்டாம்.

பீர் நொதித்தபின் எஞ்சும் ஈஸ்ட், சக்கைக்கு மாற்றாகாது, துணை மட்டுமே. 45 சதவீதத்துக்குக் குறையாத புரதம், தானியத்தில் பற்றாக்குறையான லைசின் என்ற அமினோ அமிலம், இவைதான் இதன் பலம். விற்பவர்கள் பி வைட்டமினைப் பெரிதாகப் பேசுவார்கள். முயலோ குருட்டுக்குடலில் நுண்ணுயிர்கள் ஆக்கும் பி வைட்டமினைத் தன் மென்புழுக்கையை உண்டே மீட்டுக்கொள்கிறது. கோழிக்குக் கிடைக்கும் லாபம் இங்கே அந்த அளவுக்கு இல்லை. ஹாப்ஸின் கசப்பும் ஈஸ்டில் ஒட்டி வரும். வேகவைத்து உயிரடக்கிய ஈஸ்டைத் தீவனத்தில் நூற்றுக்கு மூன்று பங்கு சேர்த்தால் போதும் என்பது என் கணிப்பு. உயிருள்ள ஈஸ்ட் வயிற்றை உப்ப வைக்கும்.

முளைவேரில் பார்லியும் சோளமும் ஒன்றல்ல. பார்லி முளைவேர் கசந்தாலும் கொஞ்சம் கலக்கலாம். சோளத்தின் முளையில் சயனைடு விடுக்கும் தூரின் என்ற பொருள் சேர்கிறது, துவர்ப்புள்ள டானினும் உண்டு. உடல் அந்த நஞ்சை முறிக்கக் கந்தகமுள்ள அமினோ அமிலங்களைச் செலவழிக்க வேண்டும்; முறிவில் உண்டாகும் தயோசயனேட்டு தைராய்டையும் தடுக்கும். விலை எவ்வளவு இறங்கினாலும் ஆண் கூண்டுக்கு இது வேண்டாம்.

தீவனத்தை மாற்றி இரண்டு வாரத்தில் பலன் தேடுவது வீண். முயலில் ஒரு விந்தணு உருவாகச் சுமார் ஏழு வாரம். விரையை விட்டு வெளிவந்து முதிர மேலும் பத்து நாள் அளவு. இன்று சேர்க்கும் விந்து இரண்டு மாதத்துக்கு முந்தைய தீவனத்தைக் காட்டுகிறது. 30 டிகிரியைத் தாண்டும் வெப்பம் தனியாகவே விந்தைக் கெடுக்கும். தெற்கு நைஜீரியாவின் பிப்ரவரி, மார்ச் வெயிலில் சோதித்துவிட்டுச் சக்கையைப் பழிக்கக் கூடாது. பழைய தீவனத்திலேயே இரண்டு ஆண்களை விட்டு, ஏற்கெனவே நன்றாக ஈன்ற பெண்களோடு இரு தரப்பையும் சேர்த்து, எத்தனை சினை நின்றது, எத்தனை குட்டி பிறந்தது என்று எழுதி வையுங்கள்.