ஓடுபாதையில் ஆறாட்டு, வாசலில் சித்தப்பா

திருவனந்தபுரத்தில் இறங்கி, முத்திரை குத்தி, பெட்டியை எடுத்து வெளியே வர இருபத்தைந்து நிமிடம்தான் ஆனது. சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஊர்ப் பயணக் கட்டுரை என்றால் வரிசையில் நின்று கால் கடுத்த கதையோடுதானே தொடங்க வேண்டும்? குடியேற்ற அதிகாரி கடவுச்சீட்டைப் புரட்டிவிட்டு, "நாகர்கோவிலா?" என்று தமிழிலேயே கேட்டார். பிறந்த இடம் பாறசாலை என்றுதான் அதில் இருக்கிறது. என் முகத்தில் என்ன எழுதியிருந்ததோ!

கோளாறு வெளியே காத்திருந்தது. சிங்கப்பூரிலிருந்தே பதிவு செய்திருந்த வாடகைக் காரின் ஓட்டுநர், நான் தொலைபேசியில் தமிழ் பேசுவதைக் கேட்டதும், மாநில எல்லை தாண்ட பெர்மிட் பணம் தனி என்றார். எங்கள் வீடு பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவில், கேரளத்துக்குள்ளேயே இருக்கிறது. ரேஷன் கார்டு இந்தப் பக்கம், கொண்டான் கொடுத்தான் எல்லாம் அந்தப் பக்கம் மார்த்தாண்டத்தில். தமிழ் பேசினால் எல்லை தாண்டித்தான் போக வேண்டும் என்பது அவர் கணக்கு. வரைபடத்தைக் காட்டிய பிறகு பெர்மிட் பேச்சு போய், இரவு வாடகைப் பேச்சு வந்தது. அந்த நிறுவனத்தின் பெயர் வேண்டாம். அடுத்த முறை ப்ரீபெய்ட் டாக்சி கவுண்டரில் சீட்டு வாங்கிக்கொண்டுதான் ஏறுவேன்.

இந்த நிலையத்துக்கு வருகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. இங்கே இரண்டு முனையங்கள், ஓடுபாதைக்கு இரு பக்கமும். ஒன்று கடலோரம், சங்குமுகத்தில். மற்றது ஊர்ப் பக்கம், சாக்கையில். வெளிநாட்டு விமானங்கள் 2011 முதல் சாக்கை முனையத்தில். உள்நாட்டு விமானங்களிலும் சில அங்கிருந்தே புறப்படும் என்பதால் டிக்கெட்டில் முனைய எண்ணைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மாறிப் போனால் நடந்து கடக்க வழியில்லை, ஓடுபாதையைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும்.

ஆண்டில் இரண்டு நாள் மட்டும் அந்த ஓடுபாதையை நடந்தே கடக்கலாம், பத்மநாபசுவாமியோடு.

அதைப் பார்க்கவேண்டும் என்று திட்டமிட்டு நான் வரவில்லை. அத்தான் மகன் பெங்களூருக்குத் திரும்பும் விமானம் மாலை ஆறேகாலுக்கு. சித்தப்பாவும் நானும் அவனைக் கொண்டுபோய் விட்டோம். சங்குமுகம் முனையத்தின் வாசலில் பாதுகாப்பு வீரர் டிக்கெட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அன்று பங்குனி ஆறாட்டு, பத்மநாபசுவாமியை ஊர்வலமாகக் கடலுக்குக் கொண்டுபோய் நீராட்டும் நாள். மாலையில் ஐந்து மணி நேரம்போல் ஓடுபாதையை மூடிவிடுவார்கள், விமானம் இரவு ஒன்பது ஐம்பதுக்கு என்றார். நேரம் மாறியதை விமான நிறுவனம் முன்பே குறுஞ்செய்தியில் அனுப்பியிருந்தது. டிக்கெட் போட்ட பயண முகவர் பையனுடைய எண்ணுக்குப் பதில் தன் எண்ணைக் கொடுத்திருந்தார், வந்த செய்தியை அவரும் படிக்கவில்லை. உங்கள் டிக்கெட்டில் யாருடைய எண் இருக்கிறது என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசியிலும் பங்குனியிலும் இந்த ஊரிலிருந்து மாலை விமானம் பிடிப்பவர்கள் கோயில் நாட்காட்டியையும் பாருங்கள். கோயிலில் இத்திருவிழாக்களை அல்பசி, பைங்குனி என்பார்கள். நாக்கு கொஞ்சம் புரண்டிருக்கிறது, மாதம் நம்முடையதுதான்.

நாலு மணி நேரத்தை எப்படிக் கழிப்பது? நேராகக் கடற்கரைக்கு நடந்தோம். கானாயி குஞ்ஞிராமனின் ஜலகன்னிகை சிலையைத் தாண்டி, கல் மண்டபத்தின் பக்கம் சாயா குடித்துக்கொண்டு நின்றோம். ஓகி, டவ்தே புயல்களுக்குப் பிறகு இங்கே கடல் எவ்வளவு தின்றிருக்கிறது என்பதை, பழைய கரையைப் பார்த்தவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சித்தப்பா கையை நீட்டிக் காட்டிய இடத்தில் அலைதான் இருந்தது.

பத்மநாபசுவாமி கோயில் இருக்கும் கோட்டையில் புறப்பட்ட ஊர்வலம் வள்ளக்கடவு வழியாக நிலையத்துக்குள் நுழைந்து, ஓடுபாதையைக் குறுக்கே கடந்து இந்தப் பக்கம் வருகிறது. முன்னால் யானை, பின்னால் கருட வாகனங்களில் மூர்த்திகள், அவர்களோடு வாளேந்தித் திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் தலைவர். நீராட்டு முடிந்து இருட்டில் தீவெட்டிகளோடு அதே வழியில் திரும்புகிறார்கள். அதற்குப் பிறகுதான் விமானம் இறங்கும். நிலையம் அமைத்த காலத்திலேயே, ஆண்டில் 363 நாள் மக்களுக்கு, இரண்டு நாள் பத்மநாபனுக்கு என்று அரண்மனையில் பேசி முடித்ததாகச் சொல்வார்கள். சுவாமி முதலில் வந்தவர், விமானம் பின்னால் வந்தது என்ற வரிசையை இவ்வூரில் யாரும் குழப்பிக்கொள்ளவில்லை.

நிலையத்தின் வயதும் குறைவில்லை. கோதவர்ம ராஜா, அரச குடும்பத்து மாப்பிள்ளை, தானே விமானம் ஓட்டத் தெரிந்தவர். அவர் முயற்சியில் 1932இல் பறக்கும் கழகமாகத் தொடங்கியது. 1935இல் டாட்டா நிறுவனத்தின் ஃபாக்ஸ் மாத் என்ற சிறு விமானம் மகாராஜாவுக்கு வைஸ்ராயின் பிறந்தநாள் வாழ்த்தைச் சுமந்து வந்து இறங்கியது. திரும்பும்போது திருவிதாங்கூரின் சொந்தத் தபாலான அஞ்சலின் கடிதங்களை ஏற்றிக்கொண்டு பம்பாய்க்குப் பறந்தது. அந்த நாள் நவம்பர் 1. இருபத்தொரு ஆண்டு கழித்து அதே நவம்பர் 1இல்தான் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரையோடு நாங்கள் இந்தப் பக்கமே நின்றுவிட்டோம். இரண்டுக்கும் தொடர்பில்லை. எல்லையில் பிறந்தவனுக்கு அந்தத் தேதி கண்ணில் படாமல் போகாது, அவ்வளவுதான்.

2021இல் நிலையம் அதானி குழுமத்தின் நிர்வாகத்துக்கு வந்தது. இப்போது சாக்கை முனையத்தைப் பல மடங்கு பெரிதாக்க 'அனந்தா' என்ற பெயரில் 1,300 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்திருக்கிறார்கள். நல்லது, இடம் வேண்டியிருக்கிறது. விடுமுறைக் காலத்தில் அந்தப் புறப்பாட்டு மண்டபத்தில் குழந்தையோடு நின்றவர்கள் யாரும் இதை மறுக்கமாட்டார்கள். என் பயம் வேறு. புது முனையங்களுக்கு 'மரபு' ஒட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. சாங்கி நாலாம் முனையத்தில் சீன-மலாய்க் கலப்புச் சமூகமான பெரனாக்கன்களின் பழைய கடைவீடுகளின் முகப்பைச் செய்து நிறுத்தியிருக்கிறார்கள், அதில் ஒரு பகுதி வெறும் திரை, நேரத்துக்கு நேரம் படம் ஓடும். என் மகளுக்கு மிகவும் பிடிக்கும். கொச்சி விமான நிலையம் இருக்கும் நெடும்பாசேரியில் கேரள வீட்டின் சரிந்த ஓட்டுக்கூரை. அது அழகாகவே இருக்கிறது, 1999இல் திறந்த கட்டடம் என்பதை ஒளிக்கவுமில்லை. ஆனால் பழையதுபோல் கட்டுவது வேறு, பழையதைக் காப்பது வேறு. முதலாவதற்குச் சிமெண்ட் போதும்.

நான் சிங்கப்பூரில் இருப்பது ஓல்ட் ஏர்போர்ட் ரோடு பக்கம். பெயரில்தான் விமான நிலையம், மக்கள் அங்கே போவது உணவங்காடியில் சாப்பிட. அந்தப் பழைய காலாங் நிலையத்தின் கட்டடம் இன்னும் நிற்கிறது. 1937இல் திறந்தது, நடுவில் கண்ணாடிக் கட்டுப்பாட்டுக் கோபுரம், இரு பக்கமும் நீண்ட மாடிகள். 1955இல் விமானங்கள் பாய லேபாருக்குப் போன பிறகு பல ஆண்டுகள் அது மக்கள் கழகம் என்ற அரசு அமைப்பின் அலுவலகம். அதனால்தான் பிழைத்தது. 2008இல் காக்கப்பட வேண்டிய கட்டடமாக அறிவித்தார்கள். நியூயார்க்கில் கட்டடக் கலைஞர் சாரினென் வடிவமைத்து 1962இல் திறந்த, டிடபிள்யூஏ விமான நிறுவனத்து முனையத்தின் கதையும் ஏறக்குறைய இதுதான். புதிய ஐந்தாம் முனையத்தை அதன் முதுகுப் பக்கமாக வளைத்துக் கட்டினார்கள். பழையது 2001இலிருந்து பூட்டிக் கிடந்து, 2019இல் ஹோட்டலாகத் திறந்தது. புழங்கும் ஆள் இருந்தால்தான் கூரை ஒழுகுவது யாருக்காவது தெரியும்.

வெளிநாட்டு உதாரணம் எதற்கு? எங்கள் வீட்டிலிருந்து தக்கலை போகும் வழியில் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. நிலம் தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. இரண்டு அரசுகள் ஒரு மரக்கட்டடத்தைப் பகை இல்லாமல் பார்த்துக்கொள்ள முடியும் என்றால், ஒரு நிலையத்தின் இரண்டு முனையங்கள் ஒன்றையொன்று விழுங்காமல் இருக்க முடியாதா?

கடலோர முனையத்தைப் பற்றித்தான் சொல்கிறேன். அதை அழகான கட்டடம் என்று யாரும் சொல்லமாட்டார்கள், நானும் சொல்லவில்லை. ஆனால் 2011 வரை வளைகுடாவுக்குப் போனவர்கள் எல்லாரும் அந்தப் பக்கத்து வாசலில் அழுதுவிட்டுத்தான் போனார்கள். ஜீப்பில் பதினான்கு பேர் வந்து ஒருவரை வழியனுப்பிய காலம் அது. பாறசாலை, குழித்துறை, தேங்காய்ப்பட்டணம் வீடுகளின் கான்கிரீட் தளங்களில் பாதி அந்த வாசல் வழியாக வந்த பணம். அரசர் கட்டினால்தான் வரலாறு, அபுதாபி போன கொத்தனார் நின்ற இடம் வெறும் நடைபாதையா? புது முனையம் முடிந்த பிறகு, அந்தப் பக்கத்தில் ஒரு கூடத்தை மட்டும் விட்டுவைத்து, ஃபாக்ஸ் மாத் படத்தையும் அஞ்சல் பையையும் ஒரு சுவரிலும், கயிறு கட்டிய அட்டைப்பெட்டியையும் டேப் ரெக்கார்டரையும் எதிர்ச் சுவரிலும் வைக்கலாம். ஆறாட்டு நாளில் காத்திருப்பவர்கள் பார்த்துவிட்டுப் போவார்கள்.

எட்டரைக்குப் பையனை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே நின்றோம். சித்தப்பா 1984இல் அபுதாபிக்குப் போனவர். சித்தி கைக்குழந்தையோடு சாய்ந்து நின்ற தூண் எது என்று தேடத் தொடங்கினார். ஒரு தூணைத் தட்டிப் பார்த்தார், அடுத்ததற்குப் போனார். ஒட்டியும் வெட்டியும் அந்த இடம் எத்தனை முறை மாறியிருக்கிறதோ.

"இது இல்லை மக்களே, அது இன்னும் கடல் பக்கமாக இருந்தது" என்றார்.

பார்க்கிங் சீட்டின் நேரம் தீர்ந்துகொண்டிருந்தது. நான் பொறுத்துப் பார்த்தேன். அவர் நாலாவது தூணுக்குப் போய்விட்டார்.