ஸ்லைடா, கொண்டை ஊசியா?

தை மாதம் அக்கா மகளுக்குக் கல்யாண வரவேற்பு. பார்லரிலிருந்து வந்தவர் இரண்டு மணி நேரம் செலவழித்துப் பெரிய கொண்டையாகப் போட்டுவிட்டார். மேடையேறி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, கொண்டை பூவோடு சேர்ந்து பிடரிக்குச் சரிந்துவிட்டது. "சித்தி, கழுத்துல வந்து உட்காருது" என்று போட்டோவுக்கு நிற்கும்போதே என் காதில் சொன்னாள். மணமகள் அறைக்குக் கூட்டிப்போனோம். என் அம்மா எதையும் பிரிக்கவில்லை. தன் கொண்டையிலிருந்து இரண்டு, பையிலிருந்து நான்கு என்று ஆறு கொண்டை ஊசிகளை எடுத்தார். சரிந்த கொண்டையை ஒரு கையால் ஏந்தி மேலே தூக்கிக்கொண்டு, மறு கையால் சுற்றிலும் சொருகினார். கடைசிப் பந்தி முடியும்வரை அது அசையவே இல்லை. இரவு அவள் தலையைப் பிரித்தது நான்தான். எண்ணி எடுத்தேன்: ஸ்லைடு 43, கொண்டை ஊசி 6.

நாற்பத்து மூன்றால் முடியாததை ஆறு எப்படிச் செய்தது என்று பார்த்தால், இரண்டும் ஒரே வேலைக்கான பொருளே இல்லை என்பது தெரியும். நாம் ஸ்லைடு என்று சொல்வது பாபி பின். ஒரு கால் நேராக, மறு கால் நெளிநெளியாக, இரண்டும் ஒட்டிக்கொண்டு இருக்கும். அது முடியை நசுக்கிப் பிடிக்கிறது. ஆகவே உள்ளே போகும் முடி கொஞ்சமாக இருக்க வேண்டும். கத்தையாகத் திணித்தால் கால் விரிந்துவிடும், பிறகு பிடிமானம் ஏது? கொண்டை ஊசி அப்படியில்லை. அதன் கால்கள் விலகியே இருக்கின்றன. அது முடியை நசுக்குவதில்லை, தைக்கிறது. கொண்டையின் முடியில் கொஞ்சமும் அடியில் தலையோடு ஒட்டிய முடியில் கொஞ்சமும் சேர்த்துக் கோத்துக்கொள்கிறது. முடி எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவுக்கு அது இறுகும். பாரத்தை அதுதான் தாங்கும்.

பிறந்த கதையைப் பார்த்தாலும் இது புரியும். நீள முடியைச் சுருட்டி உச்சியில் கட்டிய காலம்வரை மேல்நாட்டுப் பெண்களுக்கும் கால் விரிந்த ஊசிதான். 1920-களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் காதளவுக்கு முடியை வெட்டிக்கொள்ளும் 'பாப்' பரவியது. குட்டை முடியில் பழைய ஊசி கோத்துக்கொள்ள ஒன்றும் இல்லை, நழுவி விழுந்தது. அதனால்தான் இறுக்கிப் பிடிக்கும் பின்னுக்கு அப்போது அவ்வளவு மவுசு. பாபி பின் என்ற பெயரிலேயே அந்த 'பாப்' இருக்கிறது. இடுப்பளவு முடியைச் சுருட்டிய கொண்டையை, குட்டை முடிக்கென்று வந்த பின்னை வைத்து நிறுத்தப் பார்க்கிறோம். அதுதான் தப்பு.

கொண்டை ஊசியைச் சொருகுவதில் ஒரு சின்னத் திருப்பம் இருக்கிறது. அம்மா கையைப் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். நேராகக் கொண்டைக்குள் குத்தக் கூடாது. ஊசியின் நுனி கொண்டைக்கு வெளிப்பக்கம் பார்த்திருக்கும்படி பிடித்து, கொண்டை ஓரத்து முடியில் கொஞ்சம் அள்ள வேண்டும். அள்ளியதும் ஊசியை அப்படியே மறுபக்கம் புரட்டி, தலையை ஒட்டினாற்போல் கொண்டையின் நடுவை நோக்கித் தள்ள வேண்டும். அந்தப் புரட்டலில்தான் பூட்டு விழுகிறது. தள்ளும்போது கையில் ஒரு சின்ன எதிர்ப்பு தெரியும். தெரியாமல் சுலபமாகப் போனால் எதையும் அள்ளவில்லை என்று அர்த்தம், எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள். மேலே, கீழே, இரண்டு பக்கம் என்று நான்கு போதும். அடர்த்தியான முடிக்கும் சவுரி வைத்த கொண்டைக்கும் ஆறு. கால்கள் லேசாக நெளிந்த ஊசி கிடைத்தால் அதையே வாங்குங்கள், வழவழப்பான முடியில் நேர்க்கால் ஊசியைவிட நன்றாக நிற்கும்.

அப்படியானால் ஸ்லைடு வேண்டாமா? கட்டாயம் வேண்டும். வகிட்டின் இரு பக்கமும் எழும்பி நிற்கும் குட்டை முடி, கழுத்துக்குப் பின்னால் கொண்டைக்கு எட்டாத முடி, காதோரம், லேயர் கட் செய்த முடி, இங்கெல்லாம் கொண்டை ஊசி நிற்காது, ஸ்லைடுதான். ஆனால் முக்கால்வாசிப் பேர் அதைத் தலைகீழாகப் போடுகிறோம். நெளிந்த கால் தலையைப் பார்த்து உள்ளே இருக்க வேண்டும், நேர்க்கால் வெளியே. அந்த நெளிவுதான் முடியைப் பற்றுகிறது. அது வெளியே இருந்தால் பாதிப் பிடிமானம் போச்சு. ஒன்றின் மேல் ஒன்றாகக் குறுக்கே இரண்டு போட்டால், தனித்தனியாக ஐந்து போடுவதைவிட உறுதி. பல்லால் கடித்துத் திறக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். பல்லின் எனாமல் தெறிக்கும், பின் நுனியில் இருக்கும் சின்ன உருண்டைப் பூச்சும் உதிரும். அந்தப் பூச்சு போன ஸ்லைடு மண்டைத் தோலைக் கீறும், முடியை அறுக்கும். உடனே தூக்கிப் போட வேண்டியதுதான்.

பூ வைப்பதில் எனக்கு ஸ்லைடுதான் பிடிக்கும், சரம் சின்னதாக இருக்கும்வரை. ஸ்லைடு பூவின் மேல் ஏறக் கூடாது. ஏறினால் நசுங்கிய இதழ் கொஞ்ச நேரத்தில் பழுப்பாகிவிடும். மொட்டுகளை விலக்கிவிட்டு, கட்டிய நாரையோ நூலையோ ஸ்லைடுக்குள் விட்டு, பின்னலின் ஆரம்பத்தில் முடியோடு சேர்த்துத் தள்ளுங்கள். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று, ஒரு முழத்துக்கு அது போதும். கொண்டையைச் சுற்றி நாலு முழம் மதுரை மல்லி என்றால் கதை வேறு. ஈரத்தோடு சேர்ந்து அந்தச் சரம் கனக்கும். அங்கே கொண்டை ஊசியை நாருக்குக் குறுக்கே விட்டுக் கொண்டைக்குள் இறக்க வேண்டும்.

பரதநாட்டியக் குழந்தைகளின் தலையைப் பாருங்கள், இரண்டுக்கும் வேலை இருக்கும். சவுரி, ஜடை, பூ எல்லாம் கொண்டை ஊசியில். நெற்றிச்சுட்டி விலகாமல் இருக்கவும் முன்முடி படியவும் ஸ்லைடு. முதலில் பாரத்தை ஊசியில் ஏற்றிவிட்டு, மேற்பரப்பைக் கடைசியில் ஸ்லைடால் படிய வையுங்கள். பார்லரிலிருந்து வந்தவர் அன்று செய்தது, பாரத்தையும் ஸ்லைடின் தலையிலேயே கட்டியதுதான்.

மற்றவை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டிக்டாக் கிளிப் சின்னப் பிள்ளைகளுக்கு நல்லது, நெற்றியில் விழும் முடியை ஒதுக்கும், அதற்கு மேல் எதுவும் கேட்காதீர்கள். பெரிய கிளட்ச் வீட்டில் சமைக்கும்போது அள்ளிச் செருக அருமை. ஆனால் அதை வைத்துக்கொண்டு ஹெல்மெட் போட முடியாது, போடவும் கூடாது. வண்டி ஓட்டுகிறவர்கள் தாழ்வாகப் பின்னிப் போடுவதே பாதுகாப்பு.

முடியின் பதமும் முக்கியம். தலைக்குக் குளித்த அன்றே கொண்டை போட்டால் இரண்டு பின்னும் வழுக்கும். முதல் நாள் குளித்த முடிதான் சொன்ன பேச்சைக் கேட்கும். எண்ணெய் அதிகம் வைத்திருந்தால் ஸ்லைடு நழுவும், கொண்டை ஊசி ஓரளவு சமாளிக்கும். நழுவும் ஸ்லைடின் மேல் கொஞ்சம் ஹேர் ஸ்பிரே அடித்துவிட்டுச் சொருகினால் பிடித்துக்கொள்ளும்.

ஃபேன்சி ஸ்டோரில் வாங்கும்போது ஒரு ஸ்லைடை விரலால் நன்றாகத் திறந்து விடுங்கள். கால் இரண்டும் பழையபடி ஒட்ட வேண்டும். வெளிச்சத்தில் பிடித்தால் நடுவில் இடைவெளி தெரிகிறதா, அந்த அட்டையே வேண்டாம். கொண்டை ஊசியில் நுனியைத் தடவிப் பாருங்கள், உருண்டையாக இருக்க வேண்டும். இரண்டையும் வேர்வையோடு அப்படியே டப்பாவில் போட்டால் துருப்பிடிக்கும், துடைத்து வையுங்கள்.

போடும்போதே எண்ணிக்கொள்ளுங்கள், எத்தனை போட்டீர்களோ அத்தனை வெளியே வர வேண்டும். எம்ஆர்ஐ எடுக்கப் போகும் நாளில் ஒன்றுகூடத் தலையில் இருக்கக் கூடாது, கொண்டைக்குள் மறைந்திருக்கும் ஒரு பின்னைக் காந்தம் இழுக்கும். அக்கா மகளுக்கு அந்த ஆறு ஊசிகளையும் அம்மா அப்படியே கொடுத்துவிட்டார். ஸ்லைடுகளில் நுனிப் பூச்சு சரியாக இருந்தவற்றை மட்டும் எடுத்து வைத்தோம். பதினேழு தேறின.