செகண்ட்ஸ் பிக்கப்: மூட்டை ஏற்றவா, மிக்சர் இழுக்கவா?

வேலூர் பக்கம் செகண்ட்ஸில் பிக்கப் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை டன் ஏத்தலாம்?" என்றுதான். நெல் மூட்டையும் தேங்காயும் செங்கல்லும் ஏற்றுகிறவருக்கு அந்தக் கேள்வி போதும். கான்கிரீட் வேலை எடுக்கிறவருக்குப் போதாது. காலையில் குடியாத்தம் ரோட்டிலோ அணைக்கட்டு ரோட்டிலோ நின்று பாருங்கள். முன்னால் ஒரு பிக்கப் போகும், அதன் கொக்கியில் மாட்டிய மிக்சர் மிஷின் பின்னால் ஆடிக்கொண்டே போகும். தொட்டியில் சென்ட்ரிங் ஷீட், சவுக்குக் கழி, வைப்ரேட்டர், பாண்டு எல்லாம் கிடக்கும். ஏற்றுவதையும் இழுப்பதையும் ஒரே வண்டிதான் செய்தாக வேண்டும் என்றால், கணக்கை இழுப்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்த மிக்சரைக் கொஞ்சம் பார்ப்போம். பத்துக்கு ஏழு என்று சொல்கிறோமே, அது 10 கன அடி சரக்கு கொட்டினால் 7 கன அடி கலவை தரும் மிஷின். சரக்கு கொட்டுகிற ஹாப்பரோடு சேர்த்தால் எடை ஒரு டன்னுக்கு மேல். அதற்கு ஸ்பிரிங் கிடையாது, பிரேக்கும் கிடையாது. நீங்கள் பிரேக் மிதித்தால் உங்கள் வண்டி நிற்கப் பார்க்கும், மிக்சர் நிற்காது, பின்னாலிருந்து தள்ளும். அதனால் இழுக்கிற வண்டியின் சொந்த எடைதான் முதல் பாதுகாப்பு. எஞ்சின் பலத்தை அதற்கு அடுத்துதான் பார்க்க வேண்டும். இந்த வரிசையை மாற்றிப் பார்க்கிறவர்கள்தான் சின்ன வண்டியை வாங்கிவிட்டு, "ஏத்தத்துல நல்லாத்தான் இழுக்குது" என்கிறார்கள். ஏற்றத்தில் இழுத்துவிடலாம், இறக்கத்தில்தான் வம்பு.

இந்தக் கணக்கில் டாடா ஏஸ் உடனே விழுந்துவிடுகிறது. 2005-ல் வந்த நம் குட்டி யானை 702 சிசி, இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன் கொண்டது. ஏற்றலாம் என்று சொன்ன எடை 750 கிலோ, வண்டியின் சொந்த எடையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். தன்னைவிடக் கனமான மிக்சரை அது இழுப்பது தினமும் நடக்கிறது என்பதற்காகச் சரியாகிவிடாது. நேதாஜி மார்க்கெட்டில் காய்கறி இறக்கவும், சந்து பொந்தில் சிமெண்ட் கொண்டுபோய்ப் போடவும் அதற்கு ஈடு இல்லை. இழுவைக்கு வேண்டவே வேண்டாம்.

உண்மையான போட்டி அசோக் லேலண்ட் தோஸ்துக்கும் மகிந்திரா பொலிரோ பிக்கப்புக்கும்தான்.

தோஸ்த் 2011-ல் வந்தது, ஓசூரில் தயாராகும் வண்டி. ஒன்றரை லிட்டர், மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின், டார்க் என்கிற சுழற்று விசை 150 நியூட்டன் மீட்டரை ஒட்டி. ஒன்றே கால் டன் ஏற்றலாம், தோஸ்த் பிளஸ் என்றால் ஒன்றரை டன். சிறிய எஞ்சின் என்பதால் டீசல் செலவு கட்டுப்படும், ஊருக்குள் திருப்பவும் சுலபம். ஆற்காட்டிலிருந்து அரிசி மூட்டை, இலவம்பாடியிலிருந்து கத்தரிக்காய் என்று சமதரையில் சரக்கு மட்டும் அடிக்கிறவர் என்னைக் கேட்டால், பொலிரோவுக்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள், தோஸ்தை வாங்குங்கள் என்பேன். அடிப்படை வகையில் பவர் ஸ்டீரிங் இருக்காது, அதை மட்டும் கவனித்து வாங்குங்கள். நாள் முழுக்கச் சரக்கோடு ஓட்டுகிறவரின் தோள்பட்டைக்குத்தான் அதன் அருமை தெரியும்.

மிக்சரை மாட்டியதும் கதை மாறுகிறது. தோஸ்தின் சொந்த எடை ஒன்றே கால் டன்னை ஒட்டித்தான் இருக்கும். தொட்டியில் சரக்கு இருக்கும்போது பரவாயில்லை. வேலை முடிந்து, சரக்கை இறக்கிவிட்டு, காலி வண்டியில் மிக்சரை மட்டும் இழுத்துக்கொண்டு திரும்பும்போதுதான் பின்பக்கம் லேசாகிச் சாலையைப் பிடிக்காமல் ஆடும். மழை நாளில் அந்த ஆட்டம் இன்னும் மோசம்.

பொலிரோ பிக்கப் 2523 சிசி, நான்கு சிலிண்டர். டார்க் 200 நியூட்டன் மீட்டருக்கு அருகில், அதுவும் குறைந்த சுற்றிலேயே கிடைக்கும். எடைக்குத் தகுந்தபடி 1.3 டன், 1.7 டன் என்று பல வகை உண்டு. தோஸ்தைவிட நல்ல கனமான வண்டி. பேரணாம்பட்டிலிருந்து வி.கோட்டா போகும் பத்தலப்பல்லி மலைப்பாதையில் தக்காளி ஏற்றி வரும் பிக்கப்புகளைக் கவனித்தால், இறக்கத்தில் கியரைக் குறைத்து எஞ்சினையே பிரேக்காக வைத்து இறங்குவதைப் பார்க்கலாம். பெரிய எஞ்சினுக்கு அந்தப் பிடிப்பு அதிகம். பின்னால் பிரேக் இல்லாத ஒரு டன் தொங்கும்போது அதுதான் உயிர்க்கவசம். குறையும் உண்டு: டீசல் கூடக் குடிக்கும், கட்டுப் பட்டை (ஸ்பிரிங்) முரடு என்பதால் காலி வண்டியில் முதுகு வலிக்கும், செகண்ட்ஸ் விலை எளிதில் இறங்காது. இருந்தாலும் ஏற்றவும் இழுக்கவும் ஒரே வண்டி என்றால் என் கை இதைத்தான் காட்டும். 2017-க்கும் 2020-க்கும் நடுவில் வந்த பி.எஸ்.4 என்ற புகை விதிப்படியான வண்டியாகத் தேடுங்கள். நம் ஊர் மெக்கானிக்குகளுக்குக் கைப்பழக்கமான எஞ்சின் அது.

டாடா யோதாவையும் சொல்ல வேண்டும். 2017-ல் வந்தது. டாடாவின் பழைய 207 பிக்கப்பின் வழியில் 2956 சிசி எஞ்சின், இழுவை பொலிரோவைவிட ஒரு படி மேல். கம்ப்ரசர் மாதிரி இன்னும் கனமானதை இழுக்கிறவருக்கு நல்ல தேர்வு. செகண்ட்ஸில் பொலிரோ அளவுக்குக் கண்ணில் படாது, திருப்பி விற்கும்போதும் அவ்வளவு கேட்பு இருக்காது. ஸ்ரீசிட்டியில் தயாராகும் இசுசு டி-மேக்ஸ் நெடுஞ்சாலையில் சொகுசான வண்டி, பெங்களூருக்கும் சென்னைக்கும் மாறி மாறி ஓடுகிறவருக்குப் பொருந்தும். சைட்டுக்குப் போய் வருகிற வேலைக்கு அதை நான் சொல்ல மாட்டேன். தெருமுனை மெக்கானிக் தயங்காமல் கை வைக்கிற வண்டி அல்ல அது.

இந்த இடத்தில் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். பிக்கப் தொட்டியில் ஷீட்டுக்கும் கழிக்கும் மேலே கூலியாட்களை உட்கார வைத்து, பின்னால் மிக்சரையும் மாட்டிக்கொண்டு போவது எனக்குப் பொறுக்காத காட்சி. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி குற்றம், விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் தகராறாகும். அதைவிட, மேலே உட்கார்ந்திருக்கும் சித்தாள் பெண்கள் பிடித்துக்கொள்ள அங்கே ஒரு கம்பிகூட இருக்காது. நான்கைந்து பேரைத்தான் கூட்டிப் போக வேண்டும் என்றால் பொலிரோ கேம்பர் என்ற இரட்டை கேபின் வண்டியைப் பாருங்கள். ஏற்றும் எடை குறையும், ஆட்கள் கேபினுக்குள் வருவார்கள். அதற்கு மேல் ஆள் என்றால் பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ பிடித்துக் கொடுங்கள்.

சரி, எந்த வண்டி என்று முடிவாகிவிட்டது. அப்புறம் எந்த நம்பர் என்பதில்தான் மனம் வைக்க வேண்டும். இந்த ஊரில் நான் முதலில் கேட்பது, வண்டி இதுவரை என்ன சரக்கு ஏற்றியது என்று. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கத்துத் தோல் ஷாப்புகளுக்குப் பச்சைத் தோல் அடித்த வண்டியாக இருந்தால் எச்சரிக்கை. உப்புப் போட்ட தோலிலிருந்து வடியும் தண்ணீர் தொட்டியின் தகட்டைத் தின்று, இடுக்கு வழியாக இறங்கி வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸையும் தின்னும். மேலே புது பெயிண்ட் அடித்து ரப்பர் பாய் விரித்திருப்பார்கள். பாயைத் தூக்கி, ஸ்குரூ டிரைவர் முனையால் மூலைகளில் குத்திப் பாருங்கள். தகடு அமுங்கினால் அங்கேயே திரும்பிவிடலாம்.

அடுத்து வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். கொக்கியை எங்கே வெல்டிங் வைத்திருக்கிறார்கள்? சேஸிஸ் கட்டைக்குப் பிளேட் போட்டு போல்ட் முறுக்கியிருந்தால் நல்லது. வெறும் பின் பம்பரில் ஒட்டியிருந்தால் அது ஒருநாள் பிய்ந்துகொண்டு போகும். கொக்கி அருகிலும், பட்டை மாட்டும் தொங்கல் அருகிலும் விரிசலோ புது வெல்டிங்கோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடுங்கள். பட்டைக் கட்டில் கூடுதலாக ஒரு பட்டை செருகியிருந்தால், வண்டி ஓவர்லோடு அடித்தே பழகியது என்று புரிந்துகொள்ளலாம். ஓவர்லோடு பிடிபட்டால் இப்போது அபராதம் 20,000 ரூபாயில் தொடங்குகிறது. பின் டயர் ரீபட்டன் (பழைய டயருக்கு மேலே புது ரப்பர் ஒட்டியது) என்றால் புது டயர் விலையைக் கழித்துக் கேளுங்கள்.

காகிதத்தில் மூன்று விஷயம். ஆர்.சி.யில் பைனான்ஸ் பெயர் இருந்தால், கடன் அடைத்ததற்கான என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று), பைனான்ஸ் பெயரை நீக்கும் படிவம் 35-ம் கைக்கு வராமல் பணத்தை முழுதாகக் கொடுக்காதீர்கள். எட்டு வயது தாண்டிய வண்டிக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) ஆண்டுதோறும் காட்ட வேண்டும், அந்தச் செலவையும் விலையில் வைத்துப் பேசுங்கள். காட்பாடி, குடியாத்தம் பக்கம் சித்தூர் வண்டிகள் கொஞ்சம் மலிவாக வந்தால், அந்த ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி.யும் இங்கே மறுபதிவுக்கான வரியும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். நம் பக்கத்துப் பதிவான TN-23, TN-73 வண்டியின் விலைக்கே வந்து நிற்கலாம். லைசென்ஸ் பற்றிப் பயம் வேண்டாம். மொத்த எடை 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டியை எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது.

கடைசியாக ஓட்டிப் பார்ப்பது. காலி வண்டியைக் கிரீன் சர்க்கிள் வரை ஓட்டிவிட்டுத் தலையாட்டாதீர்கள். உங்கள் மிக்சரையே மாட்டுங்கள். ஒரு மேட்டில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் நகர்த்துங்கள். கிளட்ச் கருகிய வாடை வந்தால் பிளேட் முடிந்தது. மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் பின்னால் 'ம்ம்ம்' என்று ஊளைச் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள், வந்தால் பின் அச்சின் கிரவுன் பல்சக்கரத்தில் வேலை இருக்கிறது. பிறகு ஆள் இல்லாத ரோட்டில் மெதுவாகப் போய் பிரேக் மிதியுங்கள். வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ மிக்சர் தள்ளித் திருப்பினாலோ, விற்கிறவர் எவ்வளவு விலை குறைத்தாலும் அந்த வண்டி வேண்டாம்.